கலங்கல் தண்ணீரில் ஒரு முப்பரிமாண மாதிரி

போன மாதம் சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரிக் கருத்தரங்குக்குப் போயிருந்தேன். கடலடிக் கருவிகளைப் போட்டோகிராமெட்ரி மூலம் பரிசோதித்துப் பழுது பார்ப்பதுதான் தலைப்பு. நடுக்கடல் எண்ணெய் மேடையின் கால் ஒன்றில் படகு இடித்து நசுங்கிய குழாய். ஆர்.ஓ.வி. அதைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுக்கிறது, படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரி வருகிறது, அதை வைத்துக் கரையிலேயே செய்த கிளாம்ப் கீழே போய்க் கச்சிதமாக உட்காருகிறது. சும்மா சொல்லக்கூடாது, அழகாக இருந்தது.

கடைசியில் பேச்சாளர் சொன்னார்: "இது அன்னைக்கே இருந்திருந்தா முக்கொம்பு போயிருக்காது." ஒரே கைதட்டல். எனக்கு அந்த இடத்தில்தான் இடித்தது.

முறையில் குறை இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிளாம்ப் செய்கிறவருக்கு நசுங்கலின் ஆழம் மட்டும் தெரிந்தால் போதாது. குழாய் எவ்வளவு வட்டம் தவறியிருக்கிறது, எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது, வெல்டிங் எங்கே ஓடுகிறது எல்லாம் வேண்டும். முக்குளிக்கிறவர் டேப்பும் காலிப்பரும் வைத்து எடுக்கிற பத்துப் பதினைந்து அளவுக்குள் இது அடங்காது. அளவு தப்பினால் கிளாம்ப் திரும்பக் கரைக்கு வரும், கப்பலின் நாள் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். நம் பக்கத்திலேயே 2024 ஆகஸ்ட் 10 இரவு துங்கபத்ரா அணையின் 33 மதகுகளில் 19-ஆவது மதகு சங்கிலி அறுந்து அடித்துக்கொண்டு போனது. ஓடுகிற தண்ணீரிலேயே 60 அடி அகல ஸ்டாப்லாக் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, ஒரு வாரத்தில் அடைத்தார்கள். வெளியே செய்த இரும்பு உள்ளே இருக்கிற காடியில் பொருந்தியாக வேண்டும். அளவின் அருமை அங்கே தெரியும்.

எனக்குச் சந்தேகம் வந்தால் செய்து பார்த்துவிடுவது பழக்கம். திருச்செங்கோட்டில் போர்வெல் லாரிகளுக்குப் பஞ்சமா? ஒரு பட்டறையில் நசுங்கிய கேசிங் பைப் துண்டு ஒன்றை வாங்கி வந்து, தோட்டத்துத் தொட்டியில் போட்டு, வாட்டர்ப்ரூஃப் உறைக்குள் போனை வைத்து நூற்றுச் சொச்சம் படம் எடுத்தேன். பைப்பைக் கொடுத்த அண்ணன் கேட்டது: "ஏனுங்க சார், கையில தடவிப் பாத்தாத் தெரியாதுங்களா?"

மாதிரி வந்தது. பார்க்க அச்சு அசல். ஆனா நசுங்கல் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது. வெறும் படத்திலிருந்து வடிவம் வரும், அளவு வராது. ஸ்டீல் ஸ்கேல் ஒன்றைப் பக்கத்தில் போட்டுத் திரும்ப எடுத்த பிறகுதான் மில்லிமீட்டர் கிடைத்தது. அதிலும், வெளிக்காற்றில் காலிபிரேட் செய்த எண்களை மாற்றாமல் கொடுத்தபோது நேரான பைப் லேசாக வாழைப்பழம் மாதிரி வளைந்து வந்தது. காரணம் ஒளிவிலகல். தண்ணீரின் விலகல் எண் சுமார் 1.33. தட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பொருள் கிட்டத்தில், பெரிதாகத் தெரியும். மென்பொருள் குவியத் தூரத்தைக் கூட்டி இதில் பெரும்பகுதியைச் சரிக்கட்டிவிடும். மிச்சமிருப்பது தூரத்துக்குத் தூரம் மாறுவதால் முழுசாகப் போகாது. அரைக்கோளக் கண்ணாடி போடுவதும், தண்ணீருக்குள்ளேயே காலிபிரேட் செய்வதும் இதற்குத்தான்.

பேச்சாளரின் ஸ்லைடுகள் ஒன்றில்கூட ஸ்கேல் இல்லை. பிழை இவ்வளவு என்ற எண்ணும் இல்லை. இன்னொன்று: படம் சரியாக விழாத இடத்தை மென்பொருள் வழுவழுவென்று மூடிவிடும். விளக்கு ஆர்.ஓ.வி.யோடு சேர்ந்தே நகர்வதால் நிழலும் நகரும், அந்த இடங்களில் புள்ளிகள் பொருந்தாமல் ஓட்டை விழும். மூடப்பட்ட ஓட்டைக்குள்தான் விரிசல் இருந்தது என்றால்? எது அளந்தது, எது நிரப்பியது என்று வண்ணம் பிரித்துக் காட்டாத மாதிரியை நம்பி யாரும் கிளாம்ப் செய்யக்கூடாது.

இனி முக்கொம்பு. 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடம் மேலணையில் 9 மதகுகள் போயின. 1836-ல் ஆர்தர் காட்டன் ஆற்று மணல்மேல் கட்டிய அணை அது. மேட்டூர் நிரம்பி, வெள்ளம் வந்துகொண்டிருந்த மாதம். அந்தத் தண்ணீரில் கையை விட்டால் கையே தெரியாது. கேமராவுக்கு மட்டும் என்ன தெரியும்? சரி, கோடையிலேயே எடுத்திருக்கலாம் என்று வையுங்கள். அப்போதும் கிடைப்பது கட்டடத்தின் மேல்தோல். மணல்மேல் நிற்கிற அணைக்குப் பயமே அடியில் மணல் இழுபட்டுக் குழி விழுவதுதான். தளத்துக்குக் கீழே இருக்கிற வெற்றிடம் எந்தப் போட்டோவிலும் விழாது. அதற்குத் தளத்தைத் துளையிட்டுப் பார்க்கணும், நிலம் ஊடுருவும் ரேடார் வைக்கணும். வெளியே ஆற்றுப்படுகை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சோனார் காட்டும். 2022-ல் டைட்டானிக்கை 7 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களில் பிடித்தார்களே என்பார்கள். ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்துத் தண்ணீர் தெளிவு, அதுவும் ஒரு காரணம்.

சேலத்தில் நின்றுகொண்டு மேட்டூரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பதும் எனக்கு வருத்தம். 1934-ல் முடிந்த அணை, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. பச்சைப்பாசி மிதந்து நாறுகிற மாதங்களில் அந்தத் தண்ணீரில் கேமரா இறக்கி ஒன்றும் ஆகாது. ஆனா நீர்மட்டம் இறங்குகிற வருடங்களில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே வரும். நாமெல்லாம் போய் செல்ஃபி எடுத்துக்கொண்டு வருவோம். அதே நாட்களில் அணைச் சுவரின் உட்பக்கமும் அத்தனை அடிக்கு வெளியே தெரியும். ஒளிவிலகல் தொல்லையே இல்லாமல், சுவரில் அளந்த குறிகள் வைத்து, டிரோனில் எடுத்துவிடலாம். 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்யச் சொல்கிறது. ஒரு வறண்ட வருட மாதிரி கையில் இருந்தால், அடுத்த தடவை தண்ணீர் இறங்கும்போது எது மாறியிருக்கிறது என்று ஒப்பிட முடியும். நடுவில் நிரம்பியிருக்கிற காலத்துக்குச் சோனார். ஒற்றை மாதிரியை வைத்துக்கொண்டு, எத்தனை அழகாக இருந்தாலும், இந்த விரிசல் பழசா புதுசா என்று சொல்ல முடியாது.

கேள்வி நேரத்தில் எழுந்து, பிழை எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டேன். மெயில் அனுப்புகிறேன் என்றார். இன்னும் வரவில்லை.

பைப் துண்டு தொட்டியிலேயே கிடக்கிறது. நன்றாகப் பாசி பிடிக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். கடலில் முதல் வேலையே பாசியையும் சிப்பியையும் தண்ணீர் பீய்ச்சிச் சுரண்டுவதுதான். அதைச் செய்யாமல் எடுத்தால் நசுங்கல் எவ்வளவு குறைந்து தெரிகிறது என்று பார்க்கணும்.