வேட்டைக்காரரின் சின்ன உலகம்

அண்மையில் இங்கு நடந்த இலக்கியக் கூட்டமொன்றில் நண்பர் ஒருவர் வேட்டை நூல்கள் பற்றிக் கட்டுரை வாசித்தார். வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் எழுதிய நூல்களைக் காலனியக் குப்பையென்று நாம் ஒதுக்கிவிட்டோம், ஆனால் அவற்றுள் நாடு, இனம், அந்தஸ்து எல்லாவற்றையும் கடந்த ஒரு தோழமை கிடக்கிறது என்பது அவரது வாதம். சான்றாக அவர் அடுக்கியவை, ஒருவரை ஒருவர் எதிர்பாராத இடங்களில் சந்தித்துக்கொண்ட கதைகள். ‘உலகம் எவ்வளவு சின்னது பாருங்கோ’ என்று முடித்தபோது நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். வீடு திரும்பும் ரயிலில்தான் அந்த வசனம் உறுத்தத் தொடங்கியது.

நண்பரின் மிக அழகான உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். சாமுவேல் பேக்கர் யானை வேட்டையின் கவர்ச்சியால் 1846 இல் இலங்கைக்கு வந்தவர். நுவரெலியாவில் பண்ணை அமைத்து 1855 வரை இருந்தவர். 1858 இன் இறுதியில் அவர் தன்யூப் நதிவழியே வேட்டைப் பயணம் போகிறார். கூடப் போனவர் துலீப் சிங். 1849 இல், சிறுவனாக இருக்கையில், பஞ்சாப் இராச்சியத்தைப் பிரித்தானியரிடம் பறிகொடுத்து, பின்னர் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட மகாராஜா. படகு பனிக்கட்டிகளால் சேதமடைய, அன்று ஒட்டோமான் ஆட்சியிலிருந்த விதின் நகரில் தங்கவேண்டி வருகிறது. அங்கிருந்த அடிமைச் சந்தையிலிருந்து பேக்கர் ஒரு பெண்ணை மீட்டு வருகிறார். விலை கொடுத்தா, காவலருக்குக் கைக்கூலி கொடுத்தா என்பதில் கதைகள் வேறுபடுகின்றன. 1848-49 ஹங்கேரியக் கிளர்ச்சியில் குடும்பத்தை இழந்து அகதியான அந்தப் பெண்தான் புளோரன்ஸ். பின்னர் பேக்கரோடு நைல் நதிவழி நடந்து, 1864 இல் அல்பேட் ஏரிக்கரையில் நின்றவர்.

எங்கள் காட்டில் யானை சுட்டவர், நாடிழந்த அரசன், ஓர் அகதிப் பெண். மூவரும் ஒரே ஊரில். எம்மைப் போன்றவர்களுக்கு நெஞ்சைத் தொடும் காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் இது தற்செயலா?

இங்கு வந்த புதிதில் மெத்ரோவில் என்னோடு படித்தவன் ஒருவனைக் கண்டு நானும் ‘உலகம் சின்னது’ என்று சொல்லியிருக்கிறேன். பிறகு பேசிப் பார்த்தால் இருவருக்கும் ஏஜென்சிக்காரன் ஒருவனே. வந்த வழியும் ஒன்றே. சின்னதாக இருந்தது உலகமல்ல, எமக்குத் திறந்திருந்த வாசல்.

வேட்டைக்காரரின் வாசலும் அப்படித்தான், மறுபுறமாக. நண்பரின் இரண்டாவது உதாரணத்தைப் பாருங்கள். கென்யாவில் பிலிப் பேர்சிவல் என்ற பண்ணைக்காரர் 1909 இல் முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி றூஸ்வெல்ற்றுடன் சிங்க வேட்டைக்குப் போகிறார். அதே மனிதர் 1933 இல் ஹெமிங்வேயை வழிநடத்துகிறார். அடுத்து வந்த ஹெமிங்வேயின் ஆபிரிக்க வேட்டை நூலில் வேறு பெயரில் பாத்திரமாகிறார். வியப்பதற்கு என்ன இருக்கிறது? கடலிலிருந்து உள்ளே போக ஒரே ரயில் பாதை. பயணத்துக்கு ஆளும் கூடாரமும் கொடுக்க விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பனிகள். அந்தச் செலவைத் தாங்கக்கூடியவர்கள் அதிலும் குறைவு. சந்திக்காமல் விட்டிருந்தால்தான் ஆச்சரியம். அந்தப் பாதையைப் போட இந்தியாவிலிருந்து ஏறக்குறைய 32,000 தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர், சுமார் 2,500 பேர் மாண்டனர். றூஸ்வெல்ற் அந்தப் பாதையிலே இயந்திரத்தின் முன்புறம் ஆசனம் போட்டு, மிருகங்களைப் பார்த்தபடி பயணம் செய்தார். அவரும் மகனுமாக அந்தப் பயணத்தில் 512 மிருகங்களைச் சுட்டனர். நூலில் கணக்கு இருக்கிறது.

பேக்கரை நான் ரசித்துப் படித்தவன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இலங்கை வேட்டை பற்றி 1854 இல் வெளியான அவரது நூலில் காட்டின் ஈரமும் யானை பாயும் கணத்தின் பயமும் உண்மையாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அவரது வேட்டைநாய்களைக் கவனியுங்கள். அவற்றுக்குப் பெயர் உண்டு, குணம் உண்டு, மரணத்துக்குத் துக்கம் உண்டு. தடம் பார்த்தவர்களிலும் துவக்குச் சுமந்தவர்களிலும் ஒரு சிலருக்குப் பெயர் கிடைக்கிறது, மற்றவர் கூலிகள். நண்பரின் தோழமை இவர்களை எட்டவில்லை. அவர் கட்டுரையும் எட்டவில்லை.

இதில் எமக்கும் ஒரு கேள்வி உண்டு. எமேர்சன் ரெனன்ற் 1859 இல் எழுதியபடி, 1848 க்கு முந்திய மூன்று வருடத்துக்கும் குறைந்த காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு அரசாங்கம் சன்மானம் கொடுத்தது. மேஜர் றொஜேர்ஸ் 1,400 சுட்டார் என்பதை எல்லோரும் சொல்வார்கள். இந்த 3,500 இல் எத்தனை எமது ஊர் வெடிக்காரரின் துவக்கில் விழுந்தன என்று நாம் கேட்டதில்லை. கேட்டால், வன்னிக் காட்டைப் பற்றி நாம் எழுதிவரும் ஏக்கக் கவிதைகள் சற்றுச் சங்கடப்படும்.

சரி, விதினுக்குத் திரும்புவோம். தோழமையின் பெறுமதியை அது முறியும் இடத்தில்தான் பார்க்கவேண்டும். துலீப் சிங் இங்கிலாந்தின் தலைசிறந்த வேட்டைக்காரருள் ஒருவரானார். எல்வெடனில் இருந்த அவரது பண்ணைக்கு வேல்ஸ் இளவரசரே சுட வந்தார். அதே இளவரசருடன் 1869 இல் நைல் பயணம் போனவர் பேக்கர். அதே இளவரசர்தான் 1875 இல் இலங்கையில் யானை சுட்டவர். எவ்வளவு சின்ன உலகம்! ஆனால் 1886 இல் துலீப் சிங் இந்தியாவுக்குத் திரும்பப் புறப்பட்டபோது ஏடனில் மறிக்கப்பட்டார். துவக்கோடு நிற்கும்வரை அவர் விருந்தாளி. ஊருக்குப் போகிறேன் என்றதும் அரசியல் ஆபத்து. மீண்டும் சீக்கியரானார், ரஷ்யாவரை போய் உதவி கேட்டார், 1893 இல் பாரிஸில் இறந்தார். இறந்த பின்பும் ஊர் போகவில்லை, எல்வெடனில்தான் புதைத்தார்கள்.

புளோரன்ஸுக்கு? பேக்கருக்கு 1866 இல் ‘சேர்’ பட்டம் கிடைத்தது. விக்ரோறியா மகாராணி அந்தப் பெண்ணை அரண்மனையில் ஏற்க மறுத்தார். அந்த ஆண்டே வெளியான ஏரி பற்றிய நூலில் புளோரன்ஸ் துணிவுமிக்க மனைவியாக வருகிறார், எங்கிருந்து வந்தவர் என்பது வருவதில்லை. வேட்டையில் ஒவ்வொரு குண்டின் எடையையும் எழுதிவைக்கும் எழுத்தாளர், சந்தையிலிருந்து கொண்டுவந்தவரின் கதையை எழுதவில்லை. அவரது மானத்தைக் காக்கவென்று சொல்லலாம். யாருடைய மானம் என்று நான் கேட்பேன்.

இவற்றை நண்பரிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அந்த ஏரி நூலையே கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். விதின் வரும் பக்கத்தில் ஒரு கடதாசித் துண்டு வைத்துக் கொண்டுவாருங்கோ என்று கேட்டிருக்கிறேன்.