கோட்டை கிடைத்த பிறகு

நாயகனுக்கு முடி நிச்சயமானதும் கதையை நிறுத்திவிடுவது நம் சரித்திர நாவல்காரர்களின் பழைய சௌகரியம். 'பொன்னியின் செல்வன்' 1950லிருந்து 1954 வரை வாராவாரம் ஓடிற்று. அலைச்சல், சுரங்கப் பாதை, தப்பித்தல் எல்லாம் அதில் வந்தியத்தேவனுக்கு. அவனுக்கு நாடு கிடையாது, முன்னோர் இழந்துவிட்டார்கள். அருள்மொழிவர்மன் தனக்கு வந்த முடியை இன்னொருவன் தலையில் வைத்துவிட்டு விலகுவதோடு நாவல் முடிந்துபோகிறது. 985ல் பட்டத்துக்கு வந்து, நிலத்தை அளக்கச் செய்து, இன்ன ஊர் இவ்வளவு நெல் தரவேண்டும் என்று தஞ்சைக் கோயில் சுவரில் வெட்டிவைத்த ராஜராஜன் கல்கிக்குத் தேவைப்படவில்லை. ஆளத் தொடங்கிவிட்டவனைக் கதைக்குள் எப்படி வைத்துக்கொள்வது? நம் எழுத்தில் இந்தச் சிக்கலை யாரும் உட்கார்ந்து யோசித்ததாக எனக்குப் படவில்லை.

யோசித்தவர்கள் இலக்கியக்காரர்கள் அல்லர். அமெரிக்காவில் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டியவர்கள். சிரிக்கத் தோன்றினால் சிரித்துவிட்டு மேலே படிக்கலாம். கேரி கைகாக்ஸ், டேவ் அர்னெசன் இருவரும் 1974ல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' மூன்று சிறு புத்தகங்கள். ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருவர் மட்டும் பாத்திரம் இல்லாமல் உலகத்தை நடத்துவார். "கதவைத் திறக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், திறந்த கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நடத்துபவர் சொல்வார். சந்தேகத்துக்கிடமானதைப் பகடை தீர்க்கும். ஜெயித்து முடிப்பது என்று ஒன்று கிடையாது. பாத்திரம், சம்பவம், காலம் என்று நாவலில் நாம் பேசுகிற அத்தனையும் இங்கே உண்டு. ஆசிரியன் என்ற ஒருவனின் ஏகபோகம் மட்டும் கிடையாது. நால்வரின் ஆசையும் பகடையின் அலட்சியமும் சேர்ந்து கதையாகிறது. வடிவத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் ஒருமுறையாவது பார்க்கவேண்டிய விஷயம்.

அந்த முதல் புத்தகங்களிலேயே சாகசக்காரனின் முடிவு எழுதப்பட்டிருக்கிறது. நிலவறைகளில் புகுந்து பொன் சேர்த்தவன் உரிய படிக்கு வந்ததும் கோட்டை கட்டிக்கொள்ளலாம். சுற்றியுள்ள ஊர்கள் அவனுடையவை. தலைக்கு வருஷம் 10 பொற்காசு வரும். 1978ல் வந்த விரிவான பதிப்பில் ஒன்பதாம் படி. தலைக்கு மாதம் 7 வெள்ளிக்காசு. 1984ல் ஃபிராங்க் மென்ட்ஸர் எழுதிய அடுத்த கட்ட விதிகளில் குடும்பக் கணக்கு, மாத வரவு, ஜனங்களுக்கு ஆள்பவன் மேல் உள்ள நம்பிக்கைக்கு ஒரு எண், அந்த எண் இறங்கினால் கலகம் என்று இன்னும் நுணுக்கமாகப் போகிறது. 1995ல் 'பர்த்ரைட்' வந்தது. அதில் ஆட்டக்காரர்கள் முதல் நாளிலிருந்தே அரசர்கள். மூன்று மாதம் ஒரு சுற்று, மாதத்துக்கு ஒரு செயல். அரசன் சாகசத்துக்குப் போவது அந்தச் செயல்களின் பட்டியலில் ஒன்று. 2010ன் 'கிங்மேக்கர்' காட்டைக் கட்டம் கட்டமாகத் திருத்தி ராஜ்யமாக்கச் சொல்கிறது. இப்படி 35 வருஷத்துக்கு மேலாக ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்: ஆட்சிக்கு எவ்வளவு நேரம், சாகசத்துக்கு எவ்வளவு நேரம்?

கேள்வியே தவறு என்பது என் கட்சி. நேரத்தைப் பங்கு பிரிப்பது தராசு பிடிக்கிறவன் வேலை. இங்கே இருப்பது இரண்டு வகைக் காலங்கள். நிலவறையில் ஒரு பந்தம் ஆறு சுற்று எரியும், ஒரு சுற்று 10 நிமிஷம். பந்தம் அணைவதற்குள் வெளியே வரவேண்டும். ஆட்சியின் காலம் விதைப்பிலிருந்து அறுப்பு வரை. முதலாவதில் ஆட்டக்காரன் ஒவ்வொரு அடியையும் சொல்லி நடக்கிறான். இரண்டாவதில் "மூன்று மாதம் கழிந்தது" என்று ஒரு வாக்கியம், ஒரு பகடை, ஒரு கூட்டல். ஒன்றில் அனுபவம், மற்றதில் அதன் ரசீது. இரண்டுக்கும் சரிபாதி நேரம் கொடுத்தாலும் ரசீது அனுபவமாகிவிடாது.

கெலமங்கலத்தில் எங்கள் மேஜைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை, ஷிப்டு இல்லாத மதியம். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் இருக்கும் நண்பர், இன்னொரு கம்பெனியில் லேத்தில் நிற்கிறவர், ரோஜாத் தோட்டமும் கொஞ்சம் ராகியும் வைத்திருக்கிறவர், ஒரு பள்ளி ஆசிரியர், நடத்துவது நான். விதி இங்கிலீஷில், பேரம் தெலுங்கில், சாபம் கன்னடத்தில், சண்டை தமிழில். முதல் வருஷம் ஒருவர்கூட ஒரு வாரம் தவறவில்லை. பிறகு கோட்டை கிடைத்தது. ஸ்டோர்ஸ் நண்பர் ஒரு நோட்டுப் போட்டார். ஊர் 5, தலை 1,140, வரவு, கூலிப்படை செலவு, மதில் பழுது. நோட்டு அழகாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் லேத் நண்பர் சொன்னார்: "ஆறு நாள் அங்க ப்ளானிங்காரன் பேப்பர்ல போட்ட நம்பருக்கு நான் ஓடறேன். ஏழாம் நாள் நானே நம்பர் போட்டு எவனையோ ஓட விடணுமா? ஆளை விடுங்கண்ணா." அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் ஆசிரியரும் இல்லை.

சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு இது புரியும். முதல் இதழ் சாகசம். நாலாவது இதழில் சந்தா நோட்டு வந்துவிடுகிறது. பத்திரிகை நின்றுபோனதற்கு நாம் சொல்லும் கொள்கைக் காரணங்களில் பாதி அந்த நோட்டைப் பார்க்கச் சகிக்காததுதான்.

அர்னெசன் 1974க்கு முன்பே தன் நண்பர்களோடு நடத்திய 'பிளாக்மூர்' ஆட்டத்தில் இதற்கு ஒரு பதில் இருந்தது. ஆட்டக்காரர்கள் ஒரு சீமையின் காவலர்கள், எல்லையில் எதிரி. கோட்டைக்குக் கீழே நிலவறை. நிலவறையின் ருசி கண்டவர்கள் அதிலேயே கிடந்தார்கள். மேலே சீமை பறிபோயிற்று. அவர்கள் தூரத்து ஏரிப் பக்கம் துரத்தப்பட்டு அங்கிருந்து மறுபடி தொடங்கவேண்டியிருந்தது. இது விதிப் புத்தகத்தில் இல்லை. நடத்துபவரின் மனத்தில் இருந்தது. ஆட்சியும் சாகசமும் ஒரே உலகத்தில், ஒரே காலண்டரில் நடக்கின்றன என்ற பிரக்ஞை அது. பின்னால் வந்த விதிகள் காலண்டரைப் பிரித்துவிட்டன. கிரெக் ஸ்டாஃபோர்டின் 'பென்டிராகன்' (1985) மட்டும் வேறு வழியில் அதற்குத் திரும்பியது. வருஷத்துக்கு ஒரு சாகசம், பிறகு குளிர்காலம். குளிர்காலத்தில் விளைச்சல் என்னவாயிற்று, குதிரை பிழைத்ததா, குழந்தை பிறந்ததா, யார் செத்தார்கள் என்று பகடை சொல்லும். அதுவும் பகடைதான். ஆனால் விழுகிற எண்ணுக்கு ஒரு பெயர் இருக்கிறது. செத்தது உன் குதிரை.

கெலமங்கலத்தில் உட்கார்ந்துகொண்டு இதை யோசிக்கும்போது இந்த மண்ணின் சமாசாரம் குறுக்கே வராமல் போகாது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் திப்பு பாராமகாலைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். மேட்டிலிருக்கும் ஓசூரும் கெலமங்கலமும் 1799 வரை மைசூரிடமே இருந்தன. ராயக்கோட்டை மலை வரை கம்பெனி, அதற்கு மேலே திப்பு. 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் படை கெலமங்கலத்தில் கூடாரமடித்துவிட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கிளம்பிற்று. பிற்பாடு வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த ஆர்தர் வெல்லெஸ்லியும் அந்தப் படையில் இருந்தார். சாகசம் என்று சரித்திரம் நினைவு வைத்திருப்பது இதை.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய 7 வருஷம். தாமஸ் மன்றோ 1780ல் காலாட்படைக்காரராகச் சென்னைக்கு வந்தவர், ஹைதரோடு நடந்த போரில் இருந்தவர். பாராமகால் கைக்கு வந்ததும் அலெக்ஸாண்டர் ரீடின் உதவியாளர்களில் ஒருவராக வரி நிர்ணயிக்கப் போனார். போர்வீரனுக்குக் கோட்டை கிடைத்த பிறகு நடப்பது அது. அவர் செய்ததோ ஊர் ஊராகப் போய், வயலைப் பார்த்து, பயிரிடுகிறவனோடு பேசியது. ரயத்வாரி என்று பிறகு பெயர் பெற்ற முறை இங்கே உருவாயிற்று. மன்றோவுக்குச் சிலை எடுப்பது என் நோக்கமல்ல. அது சென்னையில் ஏற்கனவே இருக்கிறது. கம்பெனியின் வரி கம்பெனியின் வரிதான். நான் சொல்ல வந்தது, அந்த மனிதருக்கு ஆட்சியும் பயணமும் வேறு வேறாக இல்லை என்பது. கணக்கைக் குதிரை மேலிருந்து எழுதினார்.

புறநானூற்றின் 184ஆம் பாட்டில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரியைப் பற்றிச் சொல்கிறார். அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சின்ன நிலத்து நெல்லே யானைக்குப் பல நாள் வரும். யானை தானாகப் புகுந்தால் பெரிய நிலமும் வாய்க்குப் போனதைவிடக் காலில் போனதே அதிகமாகும் என்பது சாரம். பண்டிதர்கள் உவமை நயம் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் பக்கம் இது உவமை அல்ல. ராகி முற்றும் மாதங்களில் கர்நாடகக் காட்டிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாகக் கூட்டம் வந்து சானமாவிலும் ஊடேதுர்க்கத்திலும் தங்கி, இரவில் வயலில் இறங்குகிறது. பரண் மேல் தகரம் தட்டிக்கொண்டு விழித்திருக்கும் ஆளுக்கு, தின்றது எவ்வளவு மிதித்தது எவ்வளவு என்பது காலையில் தெரியும். எங்கள் ராகிக்காரருக்கும் தெரியும்.

அவர் சொல்லித்தான் நான் விதியை மாற்றினேன். வரிப் பகடையை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு ஆள் கோட்டை வாசலுக்கு வருவான். முதலில் வந்தவன், "ஐயா, யானை இறங்கிடுச்சு, இந்த வருஷம் கட்ட முடியாது" என்றான். பொய்யா நிஜமா தெரியாது. தள்ளிக் கொடுத்தால் பக்கத்து ஊர் நாளை வரும். கொடுக்காவிட்டால் இவன் காட்டுக்கு ஓடிவிடுவான். போய்ப் பார்ப்பதென்று தீர்மானித்தார்கள். லேத் நண்பர் அன்று திரும்பி வந்திருந்தார். வயலில் சுவடு இருந்தது. சுவட்டைப் பிடித்துக் காட்டுக்குள் போனார்கள். மூன்று ஞாயிறு அங்கேயே போயிற்று. நாங்கள் ஆடியதிலேயே உயிரோடு இருந்த பகுதி அதுதான். இது ஆட்சியா சாகசமா என்று யாரும் கேட்கவில்லை.

காட்டுக்குள் போனதில் இன்னொன்றும் வெளிப்பட்டது. இந்த ஆட்டங்கள் எல்லாம் காட்டைக் காலியிடமாக எழுதுகின்றன: அரக்கர்களை அகற்று, குடியேற்று, வரி வாங்கு. பெட்டமுகிலாளத்துப் பக்கம் ஒருமுறை போய்வந்தவன் காட்டைக் காலியிடம் என்று சொல்லமாட்டான். இருளர்கள் இருக்கிற மலை அது. கட்டத்தைத் திருத்துகிற ஆட்டக்காரன் யாரைத் திருத்துகிறான் என்று 'கிங்மேக்கர்' போன்றவை தங்களைக் கேட்டுக்கொள்வது போதாது. பொருளாதாரம், விசுவாசம், ஸ்திரம் என்று மூன்று எண்கள் அதில் ஏறி இறங்குகின்றன. எண் ஏறும்போது யாரோ இடம் பெயர்ந்திருக்கவேண்டும். அவர்கள் தாளில் இல்லை. அரசியல் ஆட்சேபம் ஒரு பக்கம் இருக்கட்டும், வடிவத்தின் ஊனம் என்றே சொல்வேன்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருப்பேன். ஸ்டோர்ஸ் நண்பர் படித்துவிட்டு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ஆட்சேபம் எனக்குப் பதில் தெரியாதது, ஆகவே அதையும் எழுதுகிறேன். "வாசலுக்கு வந்தவனுக்கு நீங்க கதை கொடுத்தீங்க. சரி. அஞ்சு ஊர்ல ஒரு ஊர்லேர்ந்துதான் ஆள் வந்தான். வரமுடியாதவன் என்ன ஆனான்? என் நோட்டுல அவன் ஒரு நம்பரா இருந்தான். உங்க கதையில அதுவும் இல்லையே?" என்றார். நடந்து வரத் தெம்புள்ளவனே முகமாகிறான் என்றால், என் விதி ஒரு தர்பாரை உண்டாக்கியிருக்கிறதே தவிர நாட்டை அல்ல. பஞ்சத்தில் கோட்டைக்கு வந்து சேர்கிறவன் முதலில் சாகிறவன் அல்ல. எண்ணுக்கு முகம் இல்லை என்று நான் குறை சொன்னேன். முகம் இல்லாதவர்களை எண்ணாவது வைத்துக்கொண்டிருந்தது என்று அவர் காட்டினார்.

நோட்டு இப்போது மறுபடி மேஜைக்கு வந்திருக்கிறது. வரவு எழுதுவதில்லை. ஊர் பெயர், கடைசியாக எப்போது ஆள் வந்தான் என்ற இரண்டு பத்தி மட்டும். நாலாவது ஊருக்கு நேரே மூன்று அறுப்பாகக் காலியாக இருக்கிறது. போன ஞாயிறு ஸ்டோர்ஸ் நண்பரின் பாத்திரம் கோட்டைச் சாவியை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு, லேத் நண்பரைக் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குக் கிளம்பிற்று. அங்கே என்ன இருக்கிறது என்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை.