கடல்கோளும் கடலடிச் சான்றும்

முச்சங்க வரலாற்றைக் கற்பிக்கப் புகும் தமிழாசிரியர் எவரும் கடல்கோளைக் கூறாது விடுவதில்லை. பஃறுளியாறும் குமரிக்கோடும் கடலுள் மறைந்த செய்தியைச் சிலப்பதிகாரம் நினைவுகூர்கின்றது. மறைந்த நிலத்தில் 49 நாடுகள் இருந்தன என்றும், அதன் பரப்பு 700 காவதம் என்றும் அடியார்க்குநல்லார் உரைக்கின்றார். இவை இலக்கிய மரபு தரும் செய்திகள். இவற்றோடு பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டதே ‘இலெமூரியா’ என்னும் கருத்து.

1864ஆம் ஆண்டில் ஆங்கில விலங்கியலறிஞர் ஸ்கிளேட்டர் அப்பெயரைப் படைத்தார். மடகாஸ்கரில் மிகுந்து வாழும் இலெமூர் என்னும் விலங்கினத்தின் உறவினங்கள் இந்தியாவிலும் காணப்படுதற்குக் காரணம் தேடியே, இடையில் ஒரு பெருநிலம் கிடந்து மறைந்தது என்றார். தமிழரின் தொன்மைக்கும் அவர் கூற்றுக்கும் யாதொரு தொடர்புமில்லை. பின்னர்ச் செருமானிய அறிஞர் எக்கல் அதனை மனித இனத்தின் பிறப்பிடமாகவும் கருதினார். பன்மொழிப் புலவர் கா. அப்பாத்துரையார் தம் குமரிக்கண்ட நூலிலும், தேவநேயப் பாவாணர் தம் ஆராய்ச்சிகளிலும் இலக்கிய மரபையும் இக்கொள்கையையும் ஒருங்கிணைத்தனர். அவர்தம் புலமையும் தமிழ்ப்பற்றும் போற்றுதற்குரியன. ஆயினும் பிரிக்பீல்ட்ஸ் மேடையிலோ கிள்ளான் விழாவிலோ ஒருவர் ‘நிலவியலே இதனை ஒப்புக்கொண்டுவிட்டது’ என்று இன்று கூறுவாராயின், அதனை ஆராயாது ஏற்றல் தகாது.

நிலவியல் எதனைக் கொண்டு காலம் கணிக்கின்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். கடல்நீரில் போராமினிபெரா, ரேடியோலாரியா முதலிய நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரினும் சிறியவை. அவை மடிந்தபின் அவற்றின் ஓடுகள் வண்டலிற் படிந்து பாறையாகின்றன. ஓரினம் தோன்றிப் பரவி அற்றுப்போகும் காலம் ஓர் எல்லைக்குட்பட்டது. ஆதலின் தொலைவிலுள்ள இரு பாறைகளில் அதே இனத்தொகுதி காணப்படின், அவை ஏறத்தாழ ஒரே காலத்தவை எனத் துணியலாம்.

ஈண்டு ஒரு வேறுபாடு உண்டு. தொல்காப்பியர் முதற்பொருளை நிலம், பொழுது என இருவகையாகப் பகுத்தார். இந்நுண்ணுயிர்களிலும் கடலடித் தரையில் வாழ்வன நிலத்தைச் சிறப்பாகக் காட்டும். கழிமுகமோ ஆழ்கடலோ என்பதை உணர்த்தும். நீரில் மிதந்து நெடுந்தொலைவு பரவுவன பொழுதைச் சிறப்பாகக் காட்டும். ஓரினம் ஓரிடத்திற் காணப்படாமையாலேயே காலம் வேறென்று முடிவு செய்தல் பிழை. அங்கே அது வாழ்தற்கேற்ற நிலம் இல்லாமலும் இருந்திருக்கலாம்.

இதற்குத் தமிழகமே சான்று தருகின்றது. திருச்சிராப்பள்ளி, அரியலூர்ப் பகுதியின் கடற்படிவுகளை 1862இல் பிளான்போர்டு என்பார் ஊற்றத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர்த் தொகுதிகளாக வகுத்தார். அரியலூர்ப் படிவுகளில் காணப்படும் குளோபோட்ரன்கானா என்னும் மிதவை நுண்ணுயிர் ஐரோப்பியப் பாறைகளிலும் காணப்படுகின்றது. அதனால் அவ்விரு நாட்டுப் பாறைகளும் கிரேத்தேசியக் காலத்தின் பிற்பகுதியைச் சார்ந்தவை என ஒப்பிட முடிகின்றது.

இதே முறை இந்துமாக்கடலிலும் கையாளப்பட்டது. 1972இல் குளோமார் சேலஞ்சர் என்னும் கப்பல் அக்கடலடியில் பலவிடங்களைத் துளையிட்டது. சிலவிடங்களில் அடியிலிருந்த எரிமலைப் பாறையின்மேல் ஆழ்கடல் வண்டலே நேராகப் படிந்திருந்தது. அவ்வண்டலின் நுண்ணோடுகள் அதன் வயதைப் பல கோடி ஆண்டுகளாகக் காட்டின. அங்கெல்லாம் மனிதர் வாழ்ந்த கண்டம் அண்மையில் அமிழ்ந்தது என்பதற்கு இடமே இல்லை.

‘கடலடியில் நிலம் அமிழ்ந்ததே இல்லையா?’ எனச் சிலர் வினவலாம். அமிழ்ந்ததுண்டு. தொண்ணூறு பாகைக் கிழக்கு முகட்டில் ஓரிடத்தில் பழுப்பு நிலக்கரியும் மகரந்தத் துகள்களும் கிடைத்தன. அதற்கு மேலே ஆழமற்ற கடலின் படிவும், அதற்கும் மேலே ஆழ்கடல் வண்டலும் இருந்தன. ஒரு காலத்தில் செடி வளர்ந்த தீவு அது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்நிலக்கரியின் காலம் ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன். மனித இனமே தோன்றாத காலத்து நிலத்தைச் சங்கத்தோடு இணைத்தல் எங்ஙனம்? நிலம் இருந்தது என்பது மட்டும் சான்றாகாது. எப்பொழுது இருந்தது என்பதே வினா.

அங்ஙனமாயின் கடல்கோள் முழுப்பொய்யோ? அன்று. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதினும் ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அக்காலத்தில் குமரிமுனைக்குத் தெற்கே கரை நீண்டு கிடந்தது. ஈழமும் தமிழகமும் நிலத்தால் இணைந்திருந்தன. மலாக்கா நீரிணையும் தரையாகவே இருந்தது. பின்னர்க் கடல் உயர்ந்தது. ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் இந்நீரிணையில் கடல் இன்றைய மட்டத்தினும் சில மீட்டர் உயர்ந்து நின்றது. கிள்ளான் கரையோரச் சமவெளியின் களிமண்ணில் கிடக்கும் கடற்சிப்பிகளும் நுண்ணோடுகளும் அதற்குச் சான்று. கடல் நிலத்தை விழுங்கியதை அறியத் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை.

கரையோர நாடுகளைக் கடல் கொண்ட நினைவு மக்கள் வாய்மொழியில் நிலைத்து இலக்கியத்திற் புகுந்திருத்தல் கூடும். அஃது ஆராய்தற்குரிய கருத்து. கண்டம் அமிழ்ந்தது என்பதோ நிலவியலாரால் கைவிடப்பட்ட கொள்கை. இரண்டையும் ஒன்றெனக் கற்பிப்பதால் விளையும் கேடு சிறிதன்று. தமிழ்ப்பள்ளியில் இலெமூரியாவை உண்மையெனப் படித்த மாணவன், இடைநிலைப் பள்ளியில் நிலவியல் பயின்றதும் அது தவறென்று அறிகின்றான். அறிந்தவன் இலெமூரியாவை மட்டும் தள்ளுவானா? அதனோடு சேர்த்துக் கற்பிக்கப்பட்ட சிலப்பதிகாரத்தையும் பொய்யென்று தள்ளிவிடுவான். ஆதலின் இலக்கியச் செய்தியை இலக்கியச் செய்தியாகவும், நிலவியல் முடிவை நிலவியல் முடிவாகவும் பிரித்துரைத்தலே ஆசிரியர் கடன். தமிழின் தொன்மைக்கு அதன் நூல்களே போதிய சான்று. இரவற் கண்டம் ஒன்று அதற்கு வேண்டுவதில்லை.