ஓசைக் குறி எங்கே நிற்கிறது?

சென்ற மாதம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கடலோரக் கிராமத்தில், பறை பழகும் இளைஞர்களோடு ஒரு மாலை இருந்தேன். ஏதோ ஒரு பயிலரங்கில் கொடுத்த அடிக்குறிப்புகளின் நகல் அவர்கள் கையில் இருந்தது. சொற்கட்டு, எண்ணிக்கை, எந்தக் குச்சி எங்கே விழ வேண்டும் எல்லாம் அதில் உண்டு. அடி ஒன்றுகூடப் பிசகவில்லை. ஆனால் முதலிலிருந்து கடைசிவரை ஒரே சத்தம். கேட்டுக்கொண்டிருந்த வயதான கலைஞர், “எல்லாம் சரிதான் தம்பி, எங்க அடக்கணும்னு உங்க பேப்பர்ல போடலையா?” என்றார். போடவில்லை. ஏன் போடவில்லை என்பதுதான் என் கேள்வி.

மறுநாள் செங்கல்பட்டில், தேவாலயப் பாடகர் குழுவில் இருக்கும் நண்பர் வீட்டில், ஐரோப்பிய இசைத்தாள்களைப் புரட்டினேன். தணிந்த ஓசைக்குப் ‘பியானோ’, உரத்த ஓசைக்கு ‘ஃபோர்ட்டே’ என்னும் இத்தாலியச் சொற்களின் முதலெழுத்துகள். அவை நிற்கும் இடம்தான் என்னை நிறுத்தியது. வயலினுக்கு ஐந்து கோடுகளின் கீழே. பாட்டுக்கு மேலே, ஏனென்றால் கீழே சொற்கள் உட்கார்ந்திருக்கின்றன. பியானோ என்ற கருவிக்கோ இரு கோட்டுத் தொகுதிகளின் நடுவே. மாற்றம் எந்த ஸ்வரத்தில் தொடங்குகிறதோ அதற்கு நேராக. இத்தனை டெசிபல் என்று அந்த எழுத்து சொல்வதில்லை. முன்னதைவிட உரக்க, முன்னதைவிடத் தணிந்து என்று மட்டுமே சொல்கிறது.

நம் கர்நாடக இசைப் புத்தகங்களில் ஸ்வரத்தின் தலையில் புள்ளி என்றால் மேல் ஸ்தாயி, காலடியில் புள்ளி என்றால் கீழ் ஸ்தாயி. மேற்கோடு வேகத்துக்கு. ஸ்வரத்தின் கீழே சாகித்யம். ஆக, ஓசைக்கு இடமில்லை என்று சொல்லிவிடலாமா? முடியாது. 1904இல் எட்டயபுரத்தில் அச்சான சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள் ஸ்வரங்களின் மேலேயே நிற்கின்றன. இடம் வேண்டும் என்று நினைத்தபோது இடம் கிடைத்திருக்கிறது. கமகம் எழுத்தில் ஏறியது. ஓசையின் ஏற்ற இறக்கம் குருவின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ள வேண்டியதாக விடப்பட்டது. பக்கத்தில் உட்கார யாருக்கு அனுமதி இருந்தது என்பதை இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பாடகர் ஒருவர், பக்கவாத்தியம் இரண்டு மூன்று என்றால் முகம் பார்த்தே அடங்கலாம், எழும்பலாம். உரப்பும் தணிப்பும் அச்சில் ஏறிய பழைய சான்றுகளில் ஒன்று, 1597இல் வெனிஸில் கேப்ரியேலி இரண்டு கருவிக் குழுக்களுக்கு எழுதிய சொனாட்டா. பலர் ஒரே கணத்தில் அடங்கி, ஒரே கணத்தில் எழ வேண்டிய இடத்தில் குறி தேவைப்பட்டிருக்கிறது. அப்படியானால் நம் ஊரில் இந்தக் குறி முதலில் யாருக்கு வேண்டும்? பறைக் குழுவுக்குத்தான். ஆனால் நான் பார்த்த பறைக் குறிப்புகள் கச்சேரிச் சொற்கட்டு முறையையே கடன் வாங்குகின்றன. அதன் மௌனமும் கூடவே வந்துவிடுகிறது. பறையை வெறும் சத்தம் என்று ஏசிய சாதிக்காது ஒருபுறம். அடியை மட்டும் எண்ணிச் சத்தத்தை எழுதாமல் விட்ட நம்முடைய அன்புக்காது மறுபுறம். இரண்டுக்கும் அந்த ஓசை இசையாகக் கேட்கவில்லை.

‘எழுத்தே அதிகாரம்; பறைக்கு எதுக்குத் தாள்?’ என்று தோழர்கள் கேட்பார்கள். நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் அடியை ஏற்கெனவே எழுதிவிட்டோமே? பாதியை எழுதிப் பாதியை விட்டால், எழுதியது மட்டுமே பறை என்று அடுத்த தலைமுறை நம்பிவிடும்.

நன்னூலில் எடுத்தல், படுத்தல், நலிதல் என மூன்று சொற்கள் இருக்கின்றன. எழுத்தொலி பிறக்கும்போது குரல் ஏறுவதையும் இறங்குவதையும் இடைப்படுவதையும் பற்றியவை. இசைக்குச் சொன்னவை அல்ல என்பார்கள் புலவர்கள். இருக்கட்டும், கடன் வாங்குவோம். பறை வரியின் கீழே சாகித்யம் இல்லை, இடம் காலி. அடிக்கு நேர் கீழே ‘எ’, ‘ப’, ‘ந’ என்று போடலாம். பாட்டு சேரும் இடத்தில் குறி மேலே ஏறட்டும்.

குறியை யார் இடுவது என்பதுதான் முக்கியம். அடுத்த வாரம் மறுபடியும் போய், அந்தப் பெரியவர் சொல்லச் சொல்ல நகலில் நாலு இடத்தில் ‘ப’ போட்டோம். ஐந்தாவது இடத்தில் அவருக்கும் இன்னொரு கலைஞருக்கும் வாக்குவாதம் வந்துவிட்டது. அந்த இடத்தை இன்னும் காலியாகத்தான் வைத்திருக்கிறோம்.