இன்ஜெக்டர் கோடிங்கும் லாஞ்ச் எக்ஸ்-431 ஸ்கேனரும்: திருச்சி ஓட்டத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

திருச்சி ஜங்ஷனிலிருந்து திருவரங்கத்துக்கும் சமயபுரத்துக்கும் பயணிகளை ஏற்றிச் செல்லும் வாடகைக் கார்களில், 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி நடைமுறைக்கு வருவதற்கு முன் விற்ற டீசல் வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. அவ்விதியை ஒட்டி மாருதி நிறுவனம் டீசல் கார் விற்பனையை நிறுத்திவிட்டதால், ஃபியட் வடிவமைத்த 1248 சிசி இன்ஜினைக் கொண்ட டீசல் ஸ்விஃப்டும் டிசையரும் வயதேறி, இன்ஜெக்டர் மாற்ற வேண்டிய கட்டத்தை ஒவ்வொன்றாக எட்டிவருகின்றன. அந்த வேலையின் கடைசிப் படியாகிய கோடிங்கைத் தனியார் பட்டறைகள் செய்து முடிக்க எக்ஸ்-431 வகை ஸ்கேனர் எந்த அளவுக்குத் துணைநிற்கிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

இன்ஜெக்டர் என்பது, காமன் ரெயில் எனப்படும் பொதுக் குழாயில் 1600 பார் வரையிலான அழுத்தத்தில் தேங்கியிருக்கும் டீசலை, இன்ஜின் கணினி மின்துடிப்பால் ஆணையிடும் கணத்தில், மிக நுண்ணிய துளைகள் வழியே சிலிண்டருக்குள் பீய்ச்சும் வால்வு ஆகும். இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐடிலிங்கில் நிற்கும்போதே ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 400 முறை எரிதல் நிகழ்வதால், ஒரு இன்ஜெக்டர் இம்மியளவு கூடுதலாகத் தந்தாலும் அது அதிர்வாகவும் புகையாகவும் வெளிப்பட்டுவிடுகிறது. ஒரே ஆலையில் ஒரே நாளில் உருவான இரண்டு இன்ஜெக்டர்கள்கூட ஒரே நீளத் துடிப்புக்கு ஒரே அளவு டீசலைத் தருவதில்லை என்பதால், உற்பத்தியாளர்கள் ஐடிலிங், முன்தெளிப்பு, பகுதிச் சுமை, முழுச் சுமை போன்ற நிலைகளில் ஒவ்வொன்றையும் அளந்து, அதன் விலகலைச் சுருக்கி, தலைப்பகுதியில் ஒரு குறியீடாகப் பொறித்து அனுப்புகிறார்கள். பாஷ் இன்ஜெக்டர்கள் பலவற்றில் அது 7 எழுத்துகளாகவும், டெல்பை வகையில் 16 அல்லது 20 எழுத்துகளாகவும், டொயோட்டா டீசல் வண்டிகளில் பொருந்தும் டென்ஸோ வகையில் 30 எழுத்துகளாகவும் அமைந்திருக்கிறது. அந்தக் குறியீட்டை உரிய சிலிண்டரின் பெயரில் கணினியில் பதிந்து, துடிப்பின் நீளத்தை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளச் செய்வதே கோடிங்.

மாருதியின் எஸ்டிடி, டொயோட்டாவின் டெக்ஸ்ட்ரீம், ஹூண்டாயின் ஜிடிஎஸ் ஆகிய நிறுவனக் கருவிகள் தத்தம் வண்டிகளை மட்டுமே அறியும். காலையில் இன்னோவாவும் மாலையில் வெர்னாவும் வந்து நிற்கும் பட்டறைக்கு, ஷென்ஜென் நகரின் லாஞ்ச் நிறுவனம் தயாரிக்கும் எக்ஸ்-431 போன்ற பல நிறுவன வண்டிகளுக்கான ஸ்கேனரே நடைமுறையில் பயன்படுகிறது. ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள 16 முனைச் சாக்கெட்டில் செருகும் சிறு இணைப்பான், புளூடூத் வழியாக ஆண்ட்ராய்டு டேப்லெட்டுடன் பேசுகிறது. கணினியில் பதிந்திருக்கும் பழைய குறியீடுகளை முதலில் படித்துப் படமெடுத்து வைத்த பிறகு, இக்னிஷனை ஆன் செய்து, இன்ஜினை ஓட்டாமல், பேட்டரிக்குச் சார்ஜரை இணைத்து மின்னழுத்தம் சரியாதபடி பார்த்துக்கொண்டு, புதிய குறியீட்டை எழுத வேண்டும். சில வண்டிகளில் சிலிண்டர்கள் 1, 2, 3, 4 என்ற வரிசையில் இல்லாமல் 1, 3, 4, 2 என்ற எரிவரிசையில் திரையில் தோன்றக்கூடும் என்பதால், வரிசையைச் சரிபார்க்காமல் எழுதினால் ஒன்றின் குறியீடு மற்றொன்றின் மேல் ஏறிவிடும்.

கோடிங் முடிந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. ஐடிலிங் சீராக இருக்க வேண்டி ஒவ்வொரு சிலிண்டருக்கும் கணினி கூட்டியும் குறைத்தும் தரும் திருத்த அளவை நேரடியாகக் காட்டும் திரையே இக்கருவியின் தலைசிறந்த பகுதி. காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தும், திருவரங்கத்துச் சித்திரை வீதிகளில் ஏசியுடன் நிற்கவைத்தும், காவிரிப் பாலத்து நெரிசலில் இரண்டாம் கியரில் ஊர்ந்தும், சென்னை நெடுஞ்சாலையில் சமயபுரம் வரை விரைந்தும் பார்த்த பிறகு அந்த எண்களை மீண்டும் ஒப்பிட்டால், வேலையின் தரம் தெளிவாகிவிடும். ஒரு சிலிண்டர் மட்டும் மற்ற மூன்றிலிருந்து தொடர்ந்து விலகி நின்றால், குறியீட்டையோ காப்பர் வாஷரையோ கம்ப்ரஷனையோ ஐயுற வேண்டும்.

கருவியின் எல்லையும் இங்கேதான் இருக்கிறது. எழுத்துப் பிழையுள்ள குறியீட்டைப் பல கணினிகள் ஏற்க மறுக்கும். ஆனால் பிழையின்றி எழுதப்பட்ட பொய்யை எந்தக் கணினியாலும் கண்டுபிடிக்க இயலாது. நாசிலையும் உள்வால்வையும் மாற்றிப் புதுப்பித்த இன்ஜெக்டரின் தலையில் இருக்கும் குறியீடு, கழற்றி எறிந்த பழைய உறுப்புகளை அளந்து எழுதியதாகும். அதையே திரும்பப் பதிந்தால், கணினி இல்லாத ஒரு விலகலைத் திருத்த முற்பட்டு, இருக்கும் விலகலை அப்படியே விட்டுவிடுகிறது. புதுப்பித்ததைச் சோதனை மேசையில் மீண்டும் அளந்து புதிய குறியீடு பெறுவதே முறை. அந்த அளவைத் தாளை வண்டி உரிமையாளர் கேட்டுப் பெறுவது அவருடைய உரிமை.

ஆகவே எக்ஸ்-431, பல நிறுவன டீசல் வண்டிகளைக் கையாளும் திருச்சிப் பட்டறைக்கு வாங்கத்தக்க கருவியே. மென்பொருள் புதுப்பிப்புக்கான கட்டணமும், வண்டிக்கு வண்டி மாறும் மெனுவும் அதன் குறைகள். ஒரே ஒரு பிராண்டு வண்டியை மட்டும் பார்க்கும் பட்டறைக்கு நிறுவனக் கருவியே மேல். எந்தக் கருவியானாலும், அளந்தவரின் நேர்மை எவ்வளவோ அவ்வளவே அது எழுதும் குறியீட்டின் உண்மையும்.