மூன்று மில்லிமீட்டர் புல்

கோல்ஃப் மைதானத்தில் குழியைச் சுற்றியுள்ள ‘கிரீன்’ மிகச் சிறிய பகுதி. ஆனால் அதிக உழைப்பைக் கேட்பது அதுதான். அங்கே புல்லைத் தினமும் காலையில் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டுகிறார்கள். 1950களில் இதைப்போல் இரண்டு மடங்கு உயரம் சாதாரணம். இடையில் நடந்தது, பந்து உருளும் வேகத்துக்கான போட்டி. அதன் நடுவே நின்றது ஓர் எளிய கருவி.

1935இல் அமெரிக்க ஓப்பன் போட்டி பென்சில்வேனியாவின் ஓக்மாண்ட் மைதானத்தில் நடந்தது. ஆட்டக்காரர் ஜீன் சாரஸன் தட்டிய பந்து கிரீனைத் தாண்டி மணல்குழிக்குள் போய் விழுந்ததை, பார்வையாளராக இருந்த எட்வர்ட் ஸ்டிம்ப்சன் பார்த்தார். அந்த வேகம் நியாயமற்றது என்று நினைத்தவர், அதை அளந்து காட்ட மரத்தில் ஒரு சரிவுச் சட்டம் செய்தார். அமெரிக்க கோல்ஃப் சங்கம் பின்னாளில் அதை அலுமினியத்தில் மாற்றியமைத்து, 1978 முதல் மைதானப் பராமரிப்பாளர்களுக்குக் கொடுத்தது. அதுதான் ஸ்டிம்ப்மீட்டர்.

மூன்றடி நீளச் சட்டம். மேல்முனைக்கு அருகே சிறு பள்ளம். பந்தை அதில் வைத்துச் சட்டத்தை மெல்லத் தூக்கினால், சுமார் 20 பாகைச் சாய்வில் பந்து தானாக விடுபட்டு உருளும். மூன்று பந்துகளை ஒரு பக்கமும், அதே தடத்தில் மூன்றை எதிர்ப்பக்கமும் விட்டு, அவை உருண்ட தூரத்தின் சராசரியை எடுத்தால், கிரீனின் வேகம் அடிக்கணக்கில் கிடைத்துவிடும்.

இதன் பயன் பெரிது. மூன்றாவது கிரீனில் ஒரு வேகம், பதினேழாவதில் இன்னொன்று என்றிருந்தால் ஆட்டக்காரரின் திறமைக்கே மதிப்பில்லை. மணல் தூவியதும், உருளை ஓட்டியதும், உரம் குறைத்ததும் என்ன செய்தன என்பதையும் பராமரிப்பாளர் ஊகிக்காமல் அளந்தே அறியலாம். பதினெட்டு கிரீன்களையும் ஒரே சீராக வைப்பதற்கு இதைவிட நல்ல துணை வேறில்லை.

கெடுதல் வந்தது எண்ணை இலக்காக்கியபோது. 1970களின் அளவீடுகளில் அமெரிக்க மைதானங்களின் சராசரி ஆறரை அடியை ஒட்டியே இருந்தது. இன்று பெரிய போட்டிகளில் பன்னிரண்டைத் தாண்டுகிறது. கிளப் உறுப்பினர்களும் தங்கள் மைதானத்தில் அதையே கேட்கிறார்கள். விலையைக் கொடுப்பது புல். இலைதான் அதன் சமையலறை. அதை ஒட்ட வெட்டினால் வேருக்குப் போகும் உணவு குறைகிறது. கோடையில் வேர் மேலும் சுருங்க, நண்பகலில் கையில் குழாயோடு நிற்க வேண்டும், பூஞ்சைக்கொல்லியும் அடிக்க வேண்டும். 1981இல் குளிர்ப்பிரதேச பென்ட் புல்லுக்கு மாறிய ஜார்ஜியாவின் அகஸ்டா கிளப், வெயில் மாதங்களில் மைதானத்தையே மூடிவிடுகிறது. கிரீனுக்கு அடியில் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சும் இயந்திரமும் வைத்திருக்கிறது. சாதாரண நகராட்சி மைதானத்துக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா?

சரிவுகளின் கதை இன்னும் வருத்தமானது. மெதுவான புல்லை மனத்தில் வைத்து அமைத்த பழைய கிரீன்களில், பன்னிரண்டடி வேகத்தில் பந்து நிற்பதே இல்லை. குழி வெட்ட இடம் அருகிப்போக, சில கிளப்புகள் அழகான மேடுபள்ளங்களைச் சமப்படுத்திவிட்டன. நியூயார்க்கின் ஷின்னகாக் ஹில்ஸில் 2004 அமெரிக்க ஓப்பனின் கடைசி நாளன்று ஏழாவது கிரீன் அவ்வளவு காய்ந்துபோனதால், ஆட்டத்துக்கு நடுவிலேயே தண்ணீர் தெளித்தார்கள். அன்று ஒருவர்கூட ‘பார்’ எனப்படும் நிர்ணயித்த அடி எண்ணிக்கைக்குக் கீழே முடிக்கவில்லை. 2018இல் அதே மைதானத்தில், குழியைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த பந்தை ஆட்டக்காரர் ஃபில் மிக்கல்சன் துரத்திப்போய் அடித்துத் தண்டனை வாங்கினார். விதியை மீறியது அவர்தான். அந்த நிலைமையை உண்டாக்கியவர்களுக்கும் அதில் பங்குண்டு.

வேகம் வேண்டுமென்றால் வெட்டுக்கத்தியைத் தாழ்த்துவது மட்டுமே வழியல்ல. லேசான உருளையை அடிக்கடி ஓட்டினால் புல்லைச் சற்று உயரமாக விட்டும் நல்ல ஓட்டம் கிடைக்கும்; மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வுகளில் டாலர் ஸ்பாட் என்னும் பூஞ்சைநோயும் உருளை ஓட்டிய இடங்களில் குறைந்தது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மண்ணைக் குழல் குழலாக எடுத்து, துளைகளில் மணல் நிரப்புவதும் அவசியம். துளைகள் மூடும் அந்த இரண்டு வாரம் உறுப்பினர்கள் முணுமுணுப்பார்கள். பராமரிப்பாளர் அதற்கு மசியக் கூடாது.

மைதானங்களை ஒன்றோடொன்று ஒப்பிட ஸ்டிம்ப்மீட்டரைப் பயன்படுத்த வேண்டாமென்று அதை வழங்கிய சங்கமே சொல்லியிருக்கிறது. கிளப்புகள் செய்ய வேண்டியது, அன்றைய அளவை ஆட்டம் தொடங்கும் முதல் டீ அருகே பலகையில் எழுதிப்போடுவதை நிறுத்திவிட்டு, பராமரிப்பாளரின் குறிப்பேட்டில் மட்டும் அதை வைத்துக்கொள்வது.