வக்கீல் கிடைத்த பிறகும் தொடரும் காத்திருப்பு

இலவச சட்ட உதவி தேடி வருகிற ஏழைக்கு மூன்று காத்திருப்புகள் உண்டு. மனு ஏற்கப்படும்வரை ஒன்று, நியமிக்கப்பட்ட வக்கீல் வழக்கைத் தாக்கல் செய்யும்வரை ஒன்று, வழக்கு முடியும்வரை ஒன்று. மதுரையில் முதலாவதைச் சட்டம் நன்றாகவே குறைத்திருக்கிறது. மற்ற இரண்டையும் எப்படிக் குறைப்பது என்பதற்கு இலங்கையிடம் பாடம் இருக்கிறது.

1976-இல் அரசமைப்பில் சேர்ந்த 39அ பிரிவு, பணமில்லாத காரணத்தால் எவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்றது. அதற்குச் செயல்வடிவம் தந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-இல் நிறைவேறி, 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மனுமீது 7 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் போதும், அலுவலகத்தில் எழுதிக்கொள்வார்கள். வருமானத்துக்குப் பிரமாணப் பத்திரத்தையே ஏற்கலாம் என்று சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. இது தெரியாமல் தாசில்தார் சான்றிதழுக்காக அலைகிறவர், சட்டம் கேட்காத ஒன்றுக்காகத் தன் நாட்களை இழக்கிறார்.

இலங்கையில் 1978-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டம் சட்ட உதவி ஆணைக்குழுவை அமைத்தது. அங்கே பொதுவாக வருமானத்தைப் பார்த்தே உதவி கிடைக்கும். பெண் என்ற ஒரே காரணத்தால் பெறும் உரிமை நம் சட்டத்தில் இருப்பதுபோல் அங்கு விரிந்ததல்ல. இந்த வாசலைப் பொறுத்தவரை நம் பக்கமே அகலம்.

வாசலைத் தாண்டினால் நிலைமை மாறுகிறது. உசிலம்பட்டியிலிருந்து ஜீவனாம்சம் கேட்டு வரும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் அவருக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள பேனல் வக்கீல் ஒருவர் கிடைத்துவிடுவார். அந்த வக்கீல் தன் சொந்தக் கட்சிக்காரர்களின் வழக்குகளையும் நடத்துகிறவர். அரசு தரும் கட்டணம் சொற்பம், அதுவும் கட்டம் கட்டமாகத்தான் வரும். இலவச வழக்கின் கட்டு மேசையில் அடியில் போவதற்கு வக்கீலின் மனம் மட்டும் காரணமல்ல, இந்த ஏற்பாடே அப்படி. இதைக் கவனிக்கக் கண்காணிப்புக் குழு வேண்டும் என்று 2010-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஆனால் கட்சிக்காரர் வந்து கேட்டால்தான் கட்டு நகரும் என்றால், அதைக் கண்காணிப்பு என்று சொல்ல முடியாது.

இலங்கையின் ஏற்பாடு வேறு. நீதிமன்றங்களை ஒட்டியுள்ள நிலையங்களில் ஆணைக்குழுவின் சட்டத்தரணிகள் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்கள். தாபரிப்பு (ஜீவனாம்சம்), விவாகரத்து, வீட்டு வன்முறை போன்ற வழக்குகளே அவர்களுடைய அன்றாட வேலை. யாழ்ப்பாணத்தில் தாபரிப்புக் கேட்டுப் போகும் பெண், தன் விவரத்தைக் கேட்டு எழுதும் நிலையத்திலேயே வழக்கை நடத்துகிறவரையும் காணலாம். ஒரே சட்டத்தரணியிடம் நிறைய வழக்குகள் சேர்ந்துவிடுவது அங்குள்ள குறை. ஆனாலும் பொறுப்பு யாருடையது என்ற குழப்பம் இல்லை.

இந்த வழி இந்தியாவுக்குப் புதிதல்ல. தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு 2022-இல் கொண்டுவந்த திட்டத்தின்படி, குற்ற வழக்குகளில் ஏழைகளுக்காக வாதாட முழுநேர வழக்கறிஞர்கள் நியமிக்கப்படுகிறார்கள். அவர்கள் சொந்தமாக வேறு வழக்குகளை நடத்தக் கூடாது. சிறையில் இருப்பவருக்குச் செய்த இந்த நல்ல காரியத்தை, ஜீவனாம்சம் இல்லாமல் பிள்ளைகளை வளர்க்கிறவருக்கும் சொத்தில் பாகம் கிடைக்காமல் நிற்கிறவருக்கும் ஏன் செய்யக் கூடாது?

மூன்றாவது காத்திருப்பு, வாய்தாக்களில் கழிவது. அதைக் குறைக்க இரு நாடுகளும் சமரசத்தை நாடியிருக்கின்றன. இலங்கையில் 1988-ஆம் ஆண்டின் 72-ஆம் இலக்கச் சட்டப்படி, குறிப்பிட்ட மதிப்புக்குட்பட்ட பிணக்குகள் பலவற்றை முதலில் மத்தியஸ்த சபைக்கே கொண்டுபோக வேண்டும். சபைகள் பெரும்பாலும் வார இறுதியில், ஊர்ப் பள்ளிக்கூடம் போன்ற இடங்களில் கூடும். இரு தரப்பும் ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தேர்ந்தெடுக்க, அவர்கள் சேர்ந்து மூன்றாமவரைத் தேர்ந்தெடுப்பார்கள். சட்டத்தரணி அங்கே வாதாட முடியாது. போரினால் வடக்கு, கிழக்கின் பல பகுதிகளுக்கு இச்சபைகள் தாமதமாகவே வந்தன. பின்னர் காணிப் பிணக்குகளுக்கென்றே சிறப்புச் சபைகளும் அமைந்தன. கூலியை இழக்காமல், சொந்த ஊரிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்பது இதன் பெரும் பலம். வழக்குப் போடாமலே சபையில் எட்டிய இணக்கத்தை ஒருவர் மீறினால், அதை நீதிமன்றத் தீர்ப்பைப்போல நேரடியாக நிறைவேற்ற முடியாது என்பது பலவீனம்.

சமரசத்துக்கென நம் நாட்டில் உள்ள மக்கள் நீதிமன்றத்தில் அந்தக் குறை இல்லை. அதன் தீர்ப்பு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். வழக்குப் போடும் முன்பே பிணக்கைக் கொண்டுபோகவும் வழியுண்டு. ஆனால் தேசிய அளவிலான பெரிய அமர்வுகள் ஆண்டில் சில நாட்களே கூடுகின்றன. அவை நடப்பதும் நீதிமன்ற வளாகங்களில்தான். ஒரே நாளில் எத்தனை வழக்கு முடிந்தது என்ற கணக்கு செய்தியாகிறது. மறுவாரம் பிரச்சினையோடு வருகிறவர் அடுத்த அமர்வுக்குக் காத்திருக்கிறார்.

ஆகவே மதுரைக்கு வேண்டியவை இரண்டு. உரிமையியல் வழக்குகளுக்கும் முழுநேர வழக்கறிஞர்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி வட்டாரங்களில் வார இறுதிகளில் ஊருக்கே வந்து உட்காரும் சமரச அமர்வுகள். அங்கே எட்டும் உடன்பாட்டுக்கு மக்கள் நீதிமன்றம் தீர்ப்பின் வலுவைத் தரட்டும். இலங்கையும் அந்த வலுவைத் தன் மத்தியஸ்த சபைகளுக்குத் தர வேண்டும்.

அதுவரை வாசகர்கள் ஒன்று செய்யலாம். வழக்குச் செலவுக்கு வழியில்லாமல் தயங்கும் அண்டை வீட்டாரிடம், சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணில் பேசலாம் என்றும், மனு கொடுத்த 7 நாளில் பதில் கேட்பது அவர்கள் உரிமை என்றும் சொல்லுங்கள்.